கருஞ்சேவல் இல்லாத கியாந்தி

இத்தாலியில் ஃபிளாரன்ஸுக்கும் சியேனாவுக்கும் நடுவே கிடக்கும் குன்றுப் பகுதிக்குக் கியாந்தி என்று பெயர். அங்கிருந்து வரும் ‘கியாந்தி கிளாசிக்கோ’ ஒயின் பாட்டிலின் கழுத்தைப் பார்த்தால் கருஞ்சேவல் படம் போட்ட வட்ட முத்திரை ஒன்று இருக்கும். 1924-ல் தொடங்கிய உற்பத்தியாளர் சங்கத்தின் அடையாளம் அது. அதே பகுதியின் நட்டநடுவில், ராத்தா என்ற சிற்றூரில், கடல் மட்டத்திலிருந்து 425 மீட்டர் உயரத்தில் மோந்தேவெர்த்தினே என்றொரு பண்ணை இருக்கிறது. மொத்தத் திராட்சைத் தோட்டம் 18 ஹெக்டேர். நம் கணக்கில் சுமார் 45 ஏக்கர். பண்ணையின் பெயரையே தாங்கி வரும் அதன் சிவப்பு ஒயின் மூன்று நாட்டு ரகங்களின் கலவை. மண் கியாந்தி மண், ரகங்கள் கியாந்தி ரகங்கள், செய்முறையும் அந்த ஊரின் பழைய முறை. ஆனால் பாட்டிலில் சேவல் இல்லை. ஒயினின் பெயராகக் கியாந்தி என்ற சொல்லும் இல்லை.

சட்டப்படி அது வெறும் ‘தொஸ்கானா ஐஜிடி’. அதாவது டஸ்கனி மாநிலத்தில் எங்கோ விளைந்த ஒயின் என்பதற்கு மேல் அந்த வகைப்பாடு எதையும் சொல்வதில்லை. இத்தாலிய ஒயின் சட்டத்தில் அடிமட்டத்தில் இருப்பது சாதாரண மேஜை ஒயின், அதற்கு ஒரு படி மேலே ஐஜிடி, அதற்கும் மேலே ஊர்ப் பெயரையும் செய்முறையையும் சட்டம் காவல் காக்கும் டிஓசி, உச்சியில் டிஓசிஜி. கியாந்தி கிளாசிக்கோ உச்சியில் இருக்கிறது. இரண்டு படி கீழே நிற்கும் மோந்தேவெர்த்தினேக்கோ, சேவல் முத்திரை குத்திய பெரும்பாலான பாட்டில்களைவிட விலை அதிகம். இந்தத் தலைகீழ் நிலைக்குக் காரணம் ஒயினின் சுவையில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி, எந்தத் திராட்சையை எதனோடு எவ்வளவு கலக்க வேண்டும் என்று அரசாங்கம் போட்ட ஒரு விதியில் இருக்கிறது.

கியாந்தியின் கலவைக்கு ஒரு மூலபுருஷர் உண்டு. பெத்தினோ ரிக்காசோலி, புரோலியோ கோட்டையின் பிரபு. 1861-ல் ஒன்றிணைந்த இத்தாலிக்குக் காவூருக்குப் பிறகு பிரதமரானவர். அரசியலைவிட ஒயினில் அவருக்குப் பிடிவாதம் அதிகம் என்று தோன்றுகிறது. பல ஆண்டுகள் தம் தோட்டத்தில் சோதனை செய்து பார்த்துவிட்டு, 1872-ல் பீசா பல்கலைக்கழகப் பேராசிரியர் சேசரே ஸ்துதியாத்திக்கு ஒரு கடிதம் எழுதினார். சாஞ்சோவேசே திராட்சைதான் ஒயினுக்கு மணமும் வலுவும் தருகிறது. கனயோலோ அதன் கடுமையைத் தணித்து மென்மை சேர்க்கிறது. வெள்ளை ரகமான மல்வாசியா ஒயினை இலேசாக்கி அன்றாடக் குடிக்கு ஏற்றதாக்குகிறது. இதுதான் கடிதத்தின் சாரம். அதோடு நிற்கவில்லை. நாள்பட வைத்துக் குடிக்க வேண்டிய ஒயினில் மல்வாசியா வேண்டாம் என்பதையும் அவரே குறிப்பிட்டிருந்தார்.

பின்னால் வந்தவர்கள் கடிதத்தின் முன்பாதியை எடுத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிட்டார்கள். 1967-ல் கியாந்திக்கு டிஓசி விதிகள் வந்தபோது கலவை இப்படி வரையறுக்கப்பட்டது: சாஞ்சோவேசே 50 முதல் 80 சதவீதம், கனயோலோ 10 முதல் 30 சதவீதம், வெள்ளை ரகங்களான திரெபியானோவும் மல்வாசியாவும் சேர்ந்து 10 முதல் 30 சதவீதம். வெள்ளைத் திராட்சை சேர்க்கலாம் என்பதல்ல, சேர்த்தே ஆக வேண்டும் என்பது விதி. வெளிப்பகுதியிலிருந்து வரும் சாற்றை ஓரளவு ஊற்றிக் கனம் கூட்டிக்கொள்ளவும் இடம் இருந்தது. வெள்ளையைக் கட்டாயமாகச் சேர்த்து நீர்த்துப் போகச் செய்துவிட்டு, நீர்த்துப் போனதைத் தூக்கி நிறுத்த வெளியூர்ச் சாற்றுக்கு அனுமதி கொடுத்தார்கள். ஒரு விதி மற்றொரு விதியின் குறையை மறைத்தது.

திரெபியானோ குலைகுலையாகக் காய்க்கும் ரகம். மணம் என்று சொல்ல அதில் பெரிதாக எதுவும் இல்லை, அளவு உண்டு. போருக்குப் பிந்தைய இத்தாலியில் வைக்கோல் பின்னிய குண்டுப் பாட்டிலில் மலிவாகப் போகும் கியாந்திக்கு உலகம் முழுக்கச் சந்தை இருந்தது. நிலத்தில் ஏற்கெனவே ஏராளமான வெள்ளைக் கொடிகள் நின்றன. அவற்றைப் பிடுங்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை, இருப்பதையே சட்டமாக்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில் புதிதாக நட்ட சாஞ்சோவேசே கன்றுகளும் விளைச்சலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவையே. தரமான கன்று எது என்று சங்கமே ஆராய்ச்சித் திட்டம் போட்டுத் தேடத் தொடங்கியது 1980-களின் இறுதியில்தான்.

விதி வந்த அதே 1967-ல்தான் செர்ஜியோ மனெத்தி என்ற இரும்புத் தொழிலதிபர் ராத்தாவில் மோந்தேவெர்த்தினேயை வாங்கினார், விடுமுறை வீடாக. அப்போது அப்படி வாங்குவது எளிது. டஸ்கனியின் கிராமங்கள் நூற்றாண்டுகளாக ‘மெத்ஸாத்ரியா’ என்ற வாரமுறையில் இயங்கி வந்தவை. நிலம் முதலாளியுடையது, உழைப்பு குடியானவன் குடும்பத்துடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. 1964-ல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடை செய்தது. ஏற்கெனவே ஆலை வேலைக்கு நகரம் போய்க்கொண்டிருந்த குடும்பங்கள் கல்வீடுகளையும் மேட்டு வயல்களையும் அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பின. திராட்சை, ஆலிவ், கோதுமை எல்லாம் ஒரே வயலில் கலந்து நின்ற பழைய சாகுபடி முறையும் அவர்களோடு போனது. கையில் காசிருந்த நகரத்தார் வெற்று வீடுகளை வாங்கினார்கள். இன்று கியாந்தியில் பெயர் பெற்ற பண்ணைகளில் பலவற்றின் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அழகிய குன்று, காதல், கனவு என்று விளம்பரங்கள் எழுதும் அந்தக் கதைக்கு அடியில் ஒரு கிராம சமூகம் காலியான வரலாறு இருக்கிறது.

மனெத்தி இரண்டு ஹெக்டேரில் கொடி நட்டார். நண்பர்களுக்கும் தொழில் வாடிக்கையாளர்களுக்கும் கொடுக்கக் கொஞ்சம் ஒயின் கிடைத்தால் போதும் என்பது எண்ணம். 1971 அறுவடைதான் முதலில் வெளியே வந்தது. சியேனா வர்த்தக சபைக்கு அது பிடித்துப்போய் வெரோனா நகரின் ஒயின் கண்காட்சிக்குக் கொண்டுபோக, அங்கே நல்ல பெயர். சில ஆண்டுகளில் இரும்பை விட்டுவிட்டு முழுநேரமாக ஒயினுக்கு வந்துவிட்டார். 1968-ல் நட்ட தோட்டத்திலிருந்து 1977-ல் சாஞ்சோவேசே ஒன்றை மட்டுமே வைத்து ‘லெ பெர்கோலே தோர்தே’ என்ற ஒயினைச் செய்தார். சட்டம் 80 சதவீதத்துக்கு மேல் அந்த ரகத்தை அனுமதிக்காத காலம் அது. கியாந்தியின் உயிர் எந்தத் திராட்சையோ, அதை மட்டும் கொண்டு செய்த ஒயின் கியாந்தி ஆகாது.

இதே சியேனா மாவட்டத்தின் தெற்கில் மோந்தால்சினோ இருக்கிறது. அங்கே விளையும் புருனெல்லோவுக்கு 1966-ல் விதி எழுதினார்கள்: சாஞ்சோவேசே நூறு சதவீதம், வேறு ஒரு சொட்டும் கூடாது. 2008-ல் சில தயாரிப்பாளர்கள் வேறு ரகங்களைக் கலந்துவிட்டார்கள் என்ற சந்தேகத்தில் வழக்கு விசாரணை, சரக்கு முடக்கம் வரை போனது. ஒரே மாவட்டம், ஒரே திராட்சை, ஓராண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இரண்டு விதிகள். தெற்கே கலந்தால் குற்றம்; வடக்கே கலக்காவிட்டால் குற்றம். மண்ணின் இயல்பிலிருந்து பிறந்த விதிகள் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அந்தந்த ஊரில் அன்றைக்கு யார் கையில் என்ன இருந்ததோ, அதுவே எழுதப்பட்டது.

1981-ல் மனெத்தி சங்கத்தைவிட்டு வெளியேறினார். தனி ரக ஒயினுக்காக மட்டும் அவர் வெளியேறியதாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த முடிவின் முழுச் சுமையும் இறங்கியது கலவை ஒயினின் மேல்தான். பெர்கோலே தோர்தே முதல் நாளிலிருந்தே கியாந்தி என்ற பெயருக்கு வெளியே பிறந்தது; அதற்கு இழக்க எதுவும் இல்லை. மோந்தேவெர்த்தினே கலவையோ அதுவரை கியாந்தி கிளாசிக்கோ என்றுதான் விற்றது. ஒரே முடிவில் அது ஊர்ப் பெயரை இழந்து மேஜை ஒயின் வரிசைக்கு இறங்கியது, பத்து லிட்டர் கேனில் விற்கும் ஒயின் எந்த வரிசையோ அதே வரிசைக்கு. ஐஜிடி என்ற நடுப்படி அன்று கிடையாது. 1992-ல் வந்த 164-ஆம் எண் சட்டம்தான் அதை உருவாக்கியது. பதினோரு ஆண்டுக்கு மேல் பெயரை மட்டும் நம்பி விற்க வேண்டியிருந்தது.

அவர் தனியாளாக நின்றார் என்று சொல்ல மாட்டேன். கடற்கரைப் பக்கம் பொல்கேரியில் சாஸ்ஸிகாயா 1968 அறுவடையிலிருந்து சந்தைக்கு வந்திருந்தது. பிரெஞ்சு ரகமான கேபர்னே கொண்டு செய்தது, சட்டத்தின் பார்வையில் அதுவும் மேஜை ஒயின். 1978-ல் லண்டனின் டிகான்டர் இதழ் நடத்திய ஒப்பீட்டில் உலகின் பெயர் பெற்ற கேபர்னேக்களை அதன் 1972 அறுவடை முந்தியது. அந்தினோரி குடும்பத்தின் தின்யானெல்லோ 1971 அறுவடையோடு கியாந்தி பெயரை உதறிவிட்டு, பிறகு சாஞ்சோவேசேயோடு கேபர்னே கலந்தது. இவற்றையெல்லாம் சேர்த்து ஆங்கிலப் பத்திரிகைகள் ‘சூப்பர் டஸ்கன்’ என்றன. மோந்தேவெர்த்தினேயையும் அந்தக் கூடையில் போடுவது வழக்கம். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. மற்றவர்களில் பலர் பிரெஞ்சு ரகத்துக்கும் புதிய பிரெஞ்சுப் பீப்பாய்க்கும் இடம் தேடிச் சட்டத்தைத் தாண்டினார்கள். மனெத்தி தாண்டியது ஊர்த் திராட்சையை ஊரின் வழக்கப்படி செய்வதற்காக. கேபர்னேயையும் மெர்லோவையும் அவர் தோட்டத்துக்குள்ளேயே விடவில்லை.

அவருக்குப் பக்கபலமாக இருந்தவர் ஜூலியோ கம்பெல்லி. 1925-ல் பொஜ்ஜிபோன்ஸியில் பிறந்தவர். பதின்வயதில், புருனெல்லோ ஒயினுக்குப் பெயர் பெற்ற குடும்பத்தின் தன்கிரேதி பியோந்தி சாந்தியிடம் வேலைக்குச் சேர்ந்து நாக்காலும் மூக்காலும் தொழில் கற்றவர். ஒயினியல் பட்டம் கிடையாது. ‘சுவை பார்க்கும் ஆசான்’ என்றே அவரை அழைத்தார்கள். சிறு கோப்பை என்று பொருள்படும் பட்டப்பெயரும் இருந்தது. மோந்தேவெர்த்தினே மட்டுமின்றி மோந்தால்சினோவின் காசே பாஸ்ஸே போன்ற இடங்களிலும் அவர் கை இருந்தது. ஆலோசகர்கள் விமானத்தில் பறந்து பறந்து எல்லா ஊர் ஒயினையும் ஒரே சாயலுக்குக் கொண்டுவந்த 1990-களில், கம்பெல்லி தம் காரில் போகக்கூடிய தூரத்துப் பண்ணைகளோடு நின்றுகொண்டார். சாஞ்சோவேசேயைப் பொறுத்தவரை அவர் கொள்கை சுருக்கமானது: நல்ல பழம், தோலோடு நீண்ட ஊறல், பிறகு பொறுமை. 2012 ஜனவரியில் இறக்கும் வரை அதை மாற்றிக்கொள்ளவில்லை.

இனி கலவைக்குள் போகலாம். மோந்தேவெர்த்தினேயில் சாஞ்சோவேசே சுமார் 90 சதவீதம். மீதிப் பத்தில் கனயோலோவும் கொலோரினோவும். 1967 விதிப்படி சாஞ்சோவேசேயின் உச்சவரம்பு 80. ஆகவே வெள்ளைத் திராட்சையை மறந்துவிட்டுப் பார்த்தாலும் இந்த விகிதமே அன்றைக்குச் சட்டவிரோதம்.

சாஞ்சோவேசே வளர்ப்பதற்குச் சிரமம் தரும் ரகம். தாமதமாகப் பழுக்கும்; ராத்தா போன்ற உயரமான, குளிர்ந்த இடத்தில் அக்டோபர் வரை கொடியில் காத்திருக்க வேண்டிவரும். அதற்குள் மழை வந்துவிட்டால் பழம் அழுகும். புளிப்பு தூக்கலாக இருக்கும், துவர்ப்பும் உண்டு. மணத்தில் புளிப்புச் செர்ரி, காய்ந்த இலை, தேயிலை, சில சமயம் மழை பட்ட மண். நிறம் மட்டும் அடர்த்தியாக வராது. கோப்பையைச் சாய்த்துப் பிடித்தால் அடியில் வைத்த தாளின் எழுத்து தெரியும். விளிம்பு சில ஆண்டுகளிலேயே செங்கல் நிறத்துக்குத் திரும்பும். கனயோலோ இதற்கு எதிர்க் குணம்: புளிப்பு குறைவு, துவர்ப்பு குறைவு, வாயில் உருண்டையான மென்மை. பறித்த பிறகு அழுகாமல் மெல்லக் காயும் இயல்பும் அதற்கு உண்டு. அதனால்தான் பழைய கியாந்திக்காரர்கள் கனயோலோவைத் தட்டில் உலர்த்தி, நொதித்து முடியும் ஒயினில் போட்டு மீண்டும் நொதிக்க வைக்கும் ‘கொவேர்னோ’ முறைக்கு அதைப் பயன்படுத்தினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கியாந்தியில் சாஞ்சோவேசேயைவிட அதற்கே செல்வாக்கு. ஃபிலாக்ஸெரா பூச்சி ஐரோப்பியக் கொடிகளின் வேரைத் தின்று தீர்த்தபின் எல்லா ரகங்களையும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்ட வேண்டிவந்தது. அந்த ஒட்டுக்குக் கனயோலோ சரியாக இணங்கவில்லை. தோட்டங்களில் அதன் பங்கு சுருங்கியது. மூன்றாவதான கொலோரினோ தடித்த கருந்தோல் கொண்ட சிறு பழம். அதன் வேலை நிறம், கொஞ்சம் உடம்பு. மணத்தில் அதற்கு அதிக உரிமை இல்லை.

பத்து சதவீதம் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். இளசான சாஞ்சோவேசேயைத் தனியே குடித்தால் புளிப்பு முதலில் வந்து, துவர்ப்பு கடைசியில் நின்று, நடுவில் ஒரு வெற்றிடம் தட்டுப்படும். கனயோலோ நிரப்புவது அந்த நடுவை. அளவு கூடினால் ஒயினின் முதுகெலும்பு வளைந்துவிடும். அதனால்தான் பத்தோடு நிறுத்துகிறார்கள். இதே வெற்றிடத்தை நிரப்ப மற்றவர்கள் மெர்லோவை நாடினார்கள். மெர்லோ நிரப்பும், ஆனால் அதன் பழச்சுவை ஐந்து சதவீதத்திலேயே தலைகாட்டிவிடும். கனயோலோ தன் பெயரைச் சொல்லாமல் வேலை செய்யும் ரகம்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1980-களிலும் 90-களிலும் மதிப்பெண் போடும் விமர்சகர்களிடம் கருஞ்சிவப்பு ஒயினுக்குத்தான் மவுசு. டிகாக்‌ஷன் கறுப்பாக இருந்தால்தான் நல்ல காப்பி என்பதைப் போன்ற நம்பிக்கை அது. டஸ்கனியில் பலர் கேபர்னே, மெர்லோ கலந்து நிறமேற்றியதற்கு இதுவும் ஒரு காரணம். உச்சி வகைப்பாடு பெற விரும்பும் ஒயின் ஆய்வகச் சோதனையோடு சுவைக்குழுவின் ஒப்புதலையும் பெற வேண்டும். குழுவின் கண் கறுப்புக்குப் பழகிவிட்டால் வெளிறிய ஒயின் ‘மாதிரிக்கு ஒவ்வாதது’ ஆகிவிடும். வெளியே நின்றவருக்கு இந்தக் கவலை இல்லை.

நிலவறையில் நடப்பது சொல்லக் கொஞ்சம்தான். சிமெண்ட் தொட்டியில், பழத்தோடு வந்த ஈஸ்டைக் கொண்டே நொதித்தல்; மூன்று வாரங்களுக்கு மேல் தோலோடு ஊறல். பிறகு குரோவேஷியாவின் ஸ்லவோனியக் காடுகளிலிருந்து வரும் ஓக் மரத்தாலான பெரும் பீப்பாய்களில் 24 மாதம். பீப்பாயின் அளவுதான் இங்கே முக்கியம். சிறிய பிரெஞ்சுப் பீப்பாய் 225 லிட்டர் பிடிக்கும். அதில் ஒவ்வொரு லிட்டரும் மரத்தோடு அதிகம் உரசும், புதுமரமாக இருந்தால் வெனிலாவும் வறுவல் வாசமும் ஏறும். பல ஆயிரம் லிட்டர் பிடிக்கும் பழைய பெரும் பீப்பாய் காற்றை மட்டும் மெல்ல உள்ளே விடும். தன் வாசத்தைத் தராது. துவர்ப்பு பதமாகும், பழம் பழமாகவே இருக்கும். பெர்கோலே தோர்தேயும் இரண்டு ஆண்டு மரத்தில் கிடக்கிறது, ஆனால் அதில் ஒரு பகுதிக் காலம் சிறிய பிரெஞ்சுப் பீப்பாயில். இரண்டையும் பிரிப்பதில் ரகங்களுக்கு உள்ள பங்கு இந்த மரத்துக்கும் உண்டு.

‘குறைந்த உற்பத்தி’ என்ற சொல்லை ஒயின் வியாபாரிகள் உப்புப்போல் தூவுவார்கள். இங்கே அதைக் கணக்கிட்டே பார்க்கலாம். கியாந்தி கிளாசிக்கோ விதி ஒரு ஹெக்டேருக்கு ஏழரை டன் பழம் வரை அனுமதிக்கிறது. அதிலிருந்து ஒயினாகக் கணக்கில் ஏறுவது 52.5 ஹெக்டோலிட்டர், அதாவது 5,250 லிட்டர்; முக்கால் லிட்டர் பாட்டிலில் 7,000. பதினெட்டு ஹெக்டேருக்கும் இந்த உச்சவரம்பைப் போட்டால் ஆண்டுக்கு 1,26,000 பாட்டில். இது தாளில் உள்ள உச்சம். வயதான கொடி குறைவாகக் காய்க்கும். தரம் பார்க்கிறவர்கள் கோடையிலேயே காயைக் கிள்ளிக் குலையைக் குறைப்பார்கள். இரண்டாண்டு மரத்தில் கிடக்கும்போது ஒரு பங்கு ஆவியாகும். எஞ்சுவதையும் மூன்றாகப் பிரிக்க வேண்டும்: பெர்கோலே தோர்தே, மோந்தேவெர்த்தினே, இளமையில் குடிப்பதற்கான ‘பியான் தெல் சியம்போலோ’. கியாந்தி கிளாசிக்கோ முழுவதிலும் ஏறக்குறைய 7,000 ஹெக்டேர் தோட்டம் இருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் இந்தப் பண்ணை அதில் ஏறக்குறைய நானூறில் ஒரு பங்குதான் என்று சொல்லும் அளவுக்குச் சிறியது.

சிறிய பண்ணைக்கு அளவைவிடப் பெரிய சுமை காலம். இந்த ஆண்டு அறுவடை தொட்டியில் நொதிக்கும்போது சென்ற ஆண்டின் ஒயின் பீப்பாயில் கிடக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டினுடையது இன்னொரு பீப்பாயில். விற்பனைக்குப் போவது அதற்கும் முந்தையது. மூன்று ஆண்டுக் கூலி, பாட்டில், தக்கை எல்லாம் முதலில் செலவாகிவிட்ட பிறகுதான் முதல் காசு வரும். பெரிய நிறுவனத்துக்குப் பல ஊரில் தோட்டம் இருக்கும். ஓரிடத்தில் ஆலங்கட்டி அடித்தால் இன்னோரிடம் ஈடுகட்டும். ஒரே குன்றில் இருக்கிறவருக்கு அந்த வசதி இல்லை. 2017 ஏப்ரலில் டஸ்கனியைத் தாக்கிய உறைபனியும், 2023-ல் நடு இத்தாலி முழுக்கப் பரவிய அடிச்சாம்பல் நோயும் இப்படிப்பட்ட பண்ணைகளை எவ்வளவு எளிதில் ஆட்டிவைக்கும் என்பதைக் காட்டின. விளைச்சல் குறைந்தால் விலையை ஏற்றலாமே என்றால், ஓரளவுக்குத்தான்; ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வாங்கும் இறக்குமதியாளரை இழக்க யாரும் விரும்புவதில்லை. அதனால் பாட்டில்கள் ஒதுக்கீட்டு முறையில் போகின்றன: பழைய வாடிக்கையாளருக்கு இத்தனை, புதியவருக்கு மிச்சம் இருந்தால்.

புகழ் பெரும்பாலும் பெர்கோலே தோர்தேக்குப் போய்விட்டது. அதில் லேபிளுக்கும் பங்குண்டு. மனெத்தியின் நண்பரான ஓவியர் அல்பெர்த்தோ மன்ஃப்ரேதி வரைந்த பெண் முகம் ஒவ்வோர் அறுவடைக்கும் மாறும். சில கோடுகள், குட்டை முடி, எங்கோ பார்க்கும் கண். அடுத்த ஆண்டு வேறு முகம், வேறு நிறத் தொப்பி. 2001-ல் ஓவியர் இறந்த பிறகும் அவர் விட்டுச் சென்ற படங்களிலிருந்து லேபிள் வருகிறது. சேகரிப்பவர்கள் ஆண்டு வரிசை விடாமல் வாங்க இதுவே போதுமான காரணம். விலை பல நூறு யூரோவைத் தொட்டுவிட்டது. கலவை ஒயினின் லேபிளில் அத்தகைய கவர்ச்சி இல்லை. விலையும் அதில் பாதிக்கும் குறைவு.

மனெத்தி வெளியேறிய பிறகு சட்டம் அவர் பக்கமாக நகரத் தொடங்கியது. 1984-ல் டிஓசிஜி வந்தபோது வெள்ளைத் திராட்சையின் கட்டாய அளவு 2 முதல் 5 சதவீதமாகச் சுருங்கியது. 1996-ல் நூறு சதவீத சாஞ்சோவேசேயும் கியாந்தி கிளாசிக்கோ ஆகலாம் என்றானது. 2006 அறுவடையிலிருந்து வெள்ளைக்குத் தடையே விதித்தார்கள். நாற்பது ஆண்டுக்குள் கட்டாயம் தடையாயிற்று. 2021-ல் சங்கம் இன்னும் ஒரு முடிவெடுத்தது: உச்சத் தரமான ‘கிரான் செலெத்சியோனே’வில் குறைந்தது 90 சதவீதம் சாஞ்சோவேசே இருக்க வேண்டும், மீதிக்கு உள்ளூர்ச் சிவப்பு ரகங்கள் மட்டுமே, கேபர்னேயும் மெர்லோவும் வேண்டாம். லேபிளில் போடத் தகுந்த பதினொரு ஊர்ப்பிரிவுகளில் ராத்தாவும் ஒன்று. 90-க்கு 10, ஊர் ரகங்கள், ராத்தா. மோந்தேவெர்த்தினேயின் கலவையைப் பார்த்து எழுதியதைப் போலவே இருக்கிறது.

செர்ஜியோ மனெத்தி 2000-ல் இறந்துவிட்டார். பொறுப்பேற்ற மகன் மார்த்தினோ இன்று விரும்பினால் ஒரு விண்ணப்பத்தோடு சேவலைத் திரும்பப் பெறலாம், பெறவில்லை. இதைப் பழைய கோபம் என்று சுருக்கிவிடுவது எளிது. ஆனால் திரும்ப வேண்டாம் என்றுதான் கணக்கும் சொல்கிறது. வட்டாரப் பெயர் என்பது பெயரில்லாத விவசாயிக்குக் கிடைக்கும் கூட்டு விளம்பரம். பண்ணையின் பெயரே அந்த வேலையைச் செய்யும்போது, கட்டணம், சோதனை, சுவைக்குழு ஆகியவற்றுக்கு ஈடாக அந்தப் பெயர் கூடுதலாக எதையும் கொடுக்காது. ஆனால் பக்கத்துக் குன்றில் இப்போதுதான் தொடங்கும் ஒருவருக்கு இதே கணக்கு பொருந்தாது. அவருக்குச் சேவல் இல்லாவிட்டால் கடைக்காரர் பாட்டிலைக் கையில்கூட எடுக்க மாட்டார். மோந்தேவெர்த்தினேயை முன்மாதிரி என்று புகழ்கிறவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பெயருள்ள பண்ணைகள் வெளியே நிற்க நிற்க, வட்டாரப் பெயரின் மதிப்பைத் தாங்கும் சுமை பெயரில்லாதவர்கள் மேல் விழுகிறது.

இன்னொரு மாற்றம் வானிலையில். ராத்தா ஒரு காலத்தில் குறையுள்ள இடம். உயரம், குளிர், சுண்ணாம்பும் களிக்கல்லும் கலந்த மெலிந்த மண். மோசமான ஆண்டில் பழம் பழுக்காமலே நின்றுவிடும். மென்மைக்குக் கனயோலோவும் நிறத்துக்குக் கொலோரினோவும் தேவைப்பட்டதன் பின்னணியில் இந்தக் குளிரும் உண்டு. கோடை சூடேறிய கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் தாழ்ந்த, தெற்கே உள்ள தோட்டங்களில் சர்க்கரை ஏறி ஆல்கஹால் 15 சதவீதத்தை நெருங்க, ராத்தாவின் சாஞ்சோவேசே புளிப்பையும் மணத்தையும் இழக்காமல் பழுக்கிறது. பழைய குறை இன்று நிலத்தின் விலையை ஏற்றும் காரணமாகிவிட்டது. எத்தனை காலத்துக்கு என்பது வேறு கேள்வி. 425 மீட்டரும் முடிவில்லாத உயரம் இல்லை.

வாங்குவதென்றால் என் ஓட்டு கலவைக்கே. பெர்கோலே தோர்தேக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு ஓவியத்துக்கும் ஏலச் சந்தைக்கும் போகிறது. மோந்தேவெர்த்தினேயில் அது இல்லை; ராத்தா எப்படி இருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள அதுவே போதும். அறுவடையிலிருந்து ஆறேழு ஆண்டு கழித்துத் திறப்பது நல்லது. நல்ல ஆண்டின் பாட்டில் இருபது ஆண்டும் தாங்கும். இளசாகத் திறந்தாக வேண்டியிருந்தால் ஒரு மணி நேரம் முன்பே அகன்ற குடுவையில் ஊற்றி வைக்கலாம். பரிமாறும்போது 17, 18 டிகிரி போதும்; நம் ஊர் அறை வெப்பத்தில் ஊற்றினால் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும், ஆகவே அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். கூடவே புளிப்புக்கு ஈடுகொடுக்கும் கொழுப்புள்ள உணவு ஏதாவது வேண்டும். ராத்தாக்காரர்கள் கரியில் வாட்டிய மாட்டிறைச்சியோடு குடிக்கிறார்கள். ஆட்டுக்கறி வறுவலோடும் ஒத்துப்போகும், காரத்தைக் குறைத்தால்.